சேராத படகு

வெள்ளி, இரவு.

இன்று உலு திராம் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஓவியம் தீட்டினோம். மெர்சிங் படகுத்துறைதான் படம், ஆளுக்கொரு கட்டம். என் பக்கத்துக் கட்டம் ஸ்டெல்லாவுக்கு. அவளும் எதிர்பார்த்த பதவி உயர்வு எனக்குக் கிடைத்த நாளிலிருந்து, ஏழு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை.

படகின் முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. இரண்டும் சேரவே இல்லை.

"அலமாக்! ஐயோ அக்கா, உங்க பாதி முங்குது, என் பாதி பறக்குது!" என்றாள்.

அடக்க முடியாமல் இருவரும் சிரித்தோம். அவள் தன் பாதியை இறக்கி வரைந்தாள், நான் என் பாதியை ஏற்றினேன்.

நான் ஏன் முதலில் பேசவில்லை? அது இன்னும் உறுத்துகிறது.

கிளம்பும்போது, "திங்கக்கிழமை ஒன்னா சாப்பிடப் போலாமா?" என்று கேட்டேன்.

"போலாம் லா. இப்ப நீங்கதானே பெரிய ஆளு, நீங்கதான் வாங்கித் தரணும்!"