பொன்மலர் டிரேடர்ஸ்

கான்பூர்
12.12.1978

அன்புள்ள பொன்மலருக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா?

ஆம்பூர்க் கடையின் விற்பனை வரி பாக்கிக்கு உன் பேரில் நோட்டீஸ் வந்ததாம், நீ அழுதாயாம். உன் அண்ணன் எழுதியிருந்தார். பயப்படாதே, உதவி கிடைத்துவிட்டது. இங்கே நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதும் வாஜித் பாய் நம் பேரணாம்பட்டுக்காரர். பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தார். நடுவில் கேட்டார்:

“இன்னா ஞானமுத்து, கடை அவங்க பேர்ல இருக்குது. அவங்களா பாத்துக்கினாங்க?”

“இல்ல பாய். அவ பேரு ராசின்னு வச்சேன். மத்தியானம் சோறு எடுத்துக்கினு வருவா, அவ்ளோதான்.”

அவர் டீ வரவழைத்தார். நான் என் டீயைத் தள்ளி வைத்தேன்.

தோல் பதனிடக் கடுக்காய் விற்றதும், வரி கட்டாமல் விட்டதும் நான்தான் என்று மனுவில் சேர்க்கச் சொன்னேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே குளிர் ஜாஸ்தி. கம்பளி கடையில் கிடைக்கிறது. ஆனாலும் நீ போர்த்துகிற பழைய போர்வையை, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. இத்தனை வருஷமாக நான் விரல் வைத்த இடத்தில் எல்லாம், என்னவென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டாய். இந்த மனுவை வில்சன் வாத்தியாரிடம் கொடுத்து, ஒன்று விடாமல் தமிழில் சொல்லச் சொல். மனசுக்குச் சரியென்று பட்டால் மட்டும் போடு. விரல் வைக்க இந்தத் தடவை நான் பக்கத்தில் இல்லாததே நல்லது.

ஞானமுத்து