மிதந்து போன தெரு

ஒன்பதாவது வார்டு
1891 செப்டம்பர் 22, செவ்வாய்

அன்புள்ள ஆம்புரோஸுக்கு,

இங்கே நானும் குழந்தையும் சுகம். எஃபியின் இருமல் நின்றுவிட்டது. பெண்கள் பள்ளியில் எனக்கு லத்தீனோடு வரலாறும் கொடுத்திருக்கிறார்கள். மொன்டானா மலைக்காட்டில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்குமே. கம்பளிக் காலுறைகளைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன்.

ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. ஏப்ரலில் நீங்கள் புறப்பட்டபோது முட்டைக்கோஸ் வயலாக இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம். மின்சார டிராம் நம் தெருமுனை வரை வந்துவிட்டது. மாலையில் அதில் உட்கார்ந்து வீடு திரும்பும்போது, இந்தச் சத்தமும் புகையும் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கின்றன என்று யோசிப்பேன். நீங்கள் இல்லாத ஊரில் சந்தோஷமாக இருப்பது முதலில் குற்றம் போலப் பட்டது. இப்போது பழகிவிட்டது.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை பேய்மழை. நம் தெருவில் கல்லுக்குப் பதிலாகப் பதித்த மரக்கட்டைகள் அத்தனையும் மிதந்து போய்விட்டன. சரியாகப் போட்டிருக்கிறது என்று கையெழுத்திட மறுத்து நீங்கள் நகரசபை மேற்பார்வையாளர் வேலையை இழந்தீர்களே, அதே கட்டைகள். அடியில் போட வேண்டிய பலகையே இல்லை, வெறும் மணல். கவுன்சிலர் டுகனின் மைத்துனர் எடுத்த ஒப்பந்த வேலை அல்லவா! ஜனங்கள் கூடை கூடையாகப் பொறுக்கிப் போனார்கள். தார் தோய்ந்த கட்டை அடுப்பில் அருமையாக எரிகிறது. நம் வீட்டிலும் ஒரு குவியல் இருக்கிறது.

பார்வையிட வந்த டுகனிடம் எதிர்வீட்டு நோவோட்னி அம்மாள், "வாங்க கவுன்சிலரே, உங்க ரோடு எங்க சமையல்கட்டுக்கே வந்துடுச்சு. திருப்பிக் கொண்டாந்து போடணுமா, இல்ல சூப்பு காய்ச்சி முடிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். "எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை தாயே" என்று அவர் சிரித்தார். அவள் கணவன் இறந்தபோது சவப்பெட்டி வாங்கித் தந்தவர் அவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தெரு போட்ட செலவுக்கான வரியைக் கட்டமாட்டோம் என்று நோவோட்னி அம்மாளும் மற்ற வீட்டுக்காரர்களும் வழக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு, டுகன் ஒரு பெரிய பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரர் சொன்னா ஜட்ஜே மறுபேச்சு பேசமாட்டாரு. பலகை போட்டதை என் கண்ணால பார்த்தேன்னு ஏப்ரல் தேதி போட்டு ஒரே ஒரு வரி. வந்த மறுநாளே பழைய நாற்காலி அவருக்கு. அந்தக் காட்டுல இன்னும் எத்தனை நாளைக்குத் தகர டப்பா பீன்ஸையே தின்னுட்டிருப்பாரு?" என்றார். காகிதத்தையும் நீங்கள் வருவதற்கான ரயில் டிக்கெட்டையும் மேஜைமேல் வைத்தார். எஃபி டிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மூன்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். "அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா" என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் வீட்டுக்கு வர எதற்கும் தயார் என்று உங்கள் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு உங்களைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டால் அந்தப் பொய்க்குக் கையெழுத்திட்டு வந்துவிடுவீர்கள். வந்த பிறகு ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

எஃபி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஞாயிறன்று கடைசியாகக் கேட்டது, "அப்பா வரவேணாம்னு சொல்ல நீ யாரும்மா?" என்பதுதான். நீங்கள் எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்துவிட்டேன். சரிதான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நேற்று டிராமில் உங்களைப் போலவே தொப்பியைப் பின்னால் தள்ளிப் போட்டிருந்த ஒருவரைப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

கோபமிருந்தால் கோபமாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால், பனி விழுந்து மலைப்பாதை மூடுமுன், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்னைத் திட்டுவதற்காகவாவது நேரில் வாருங்கள்.

என்றும் உங்கள்,
லவீனியா