ஆறாம் கூண்டுக்காரி

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்களைவிட உங்கள் ஆறாம் கூண்டுக்காரி இன்னும் சுகமாக இருப்பாள் என்று தெரியும். போன கடிதத்தில் இரண்டு பக்கமும் அவள் புராணம்தான். ஆய்வுக்கூடத்தில் எலி பார்த்துக்கொள்ளப் போனீர்களா, சக்களத்தி தேடப் போனீர்களா? தினமும் எடை பார்க்கிறீர்களாம். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று எழுதிவைக்கிறீர்களாம். இப்போது வாசனைச் சோப்பு வேண்டாமாம், அவளுக்கு ஆகாதாம். பீடி வாடை எனக்கு ஆகாது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன், யார் கேட்டார்?

துவைத்த துணி அனுப்பியிருக்கிறேன். பனியனை உதறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி
(கூண்டு இல்லாதவள்)

மார்ச் 11

என் வாயாடிக்கு,

படித்துச் சிரித்தேன். பெயிண்டிலும் க்ரீமிலும் நானோ என்று ஒரு பொடி கலக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாது. அதை மூச்சில் இழுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. சினை எலிகளில் பாதிக்குப் பொடி கலந்த காற்று, மீதிக்குச் சுத்தக் காற்று. ஆறாமவள் சுத்தக் காற்றுக்காரி. அவள் பக்கம் வேறு தூசியோ வாசனையோ பட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது. அதனால்தான் வாசனைச் சோப்பு வேண்டாம் என்றேன், பவுடரும் ஆகாது.

துணி வந்தது. நாளை போட்டுக்கொள்கிறேன்.

உன் எலிக்காரன்

மார்ச் 19

வாயாடிக்கு,

தூசி அளக்கும் கருவி கத்திவிட்டது. என் பனியன் மடிப்பெல்லாம் முகப்பவுடர். குனியும்போதெல்லாம் உதிர்ந்திருக்கிறது. ஆய்வை நடத்தும் டாக்டரம்மா, "யார் போட்டது?" என்று கேட்டார். "நான்தாம்மா, வேர்வைக்கு" என்றேன். அந்த அறை எலிகள் அத்தனையும் கணக்கில் இல்லை. முதலிலிருந்து செய்யவேண்டும். என்னைக் கூண்டு கழுவ அனுப்பிவிட்டார்கள். வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மாதக் கடைசியில் சொல்வார்களாம்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாமவள் இப்போது யார் கொடுத்தாலும் சாப்பிடுகிறாள். இனி நீ பொறாமைப்பட ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 24

என் வீட்டுக்காரருக்கு,

நான்தான் போட்டேன். உங்கள்மேல் என் வாசனை இருக்கட்டும், எவளாக இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும் என்று போட்டேன். காரணம் சொல்லி நீங்கள் எழுதிய கடிதம் வருமுன்னே பனியன் போய்விட்டது. படித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். வீம்பு.

மூத்தது வயிற்றில் இருக்கும்போது எட்டாம் மாதம்வரை சிமெண்டுக் கிடங்கில் பெருக்கினேன். இருமினால் எச்சிலே சாம்பல் நிறம். யாரும் எடை பார்க்கவில்லை, ஒரு கருவியும் கத்தவில்லை. பிள்ளை நம்மிடம் தங்கவில்லை. தூசியாலா, வேறெதனாலா, இன்றுவரை தெரியாது. ஒரு எலிக்கு அதைக் கேட்க ஆள் இருக்கிறது என்றதும் வயிறெரிந்தது.

உள்ளே இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன், டாக்டரம்மாவுக்கு. எழுத்துப்பிழை இருக்கும், பொய் இல்லை. நீங்களே கொடுங்கள். எனக்காகப் பழி சுமந்தது போதும்.

வாசனையில்லாத சோப்பு ஆறு வாங்கினேன். ஐந்து உங்களுக்கு. ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். நேற்று அதில்தான் குளித்தேன், உங்கள் துணியையும் அதில்தான் துவைத்தேன். இந்தப் பனியனை நன்றாக உதறிப் பாருங்கள். ஒன்றும் உதிராது.

உங்கள் வாயாடி