சூலூர்ப்பேட்டைப் பொடி

கவரைப்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நைனாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் தலையைத் தவிர. முடிப் பேச்சை எடுத்தாலே உங்கள் போனுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நாளை மஸ்கட் திரும்பும் மோசஸ் மாமா ஊறுகாயோடு இதையும் கொடுப்பார்.

பள்ளியில் என் விக்கை எலும்புக்கூட்டுக்கு மாட்டிவிட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரித்தார். இது என் தலையாய பிரச்சினை சார் என்றேன், அவரும் சிரித்துவிட்டார். சிரிக்கவைத்தே அலுத்துவிட்டது நைனா. ஆராதனையில் முக்காடு போட்டிருக்கும் நேரம் மட்டும்தான் நான் யாரையும் சிரிக்கவைக்க வேண்டியதில்லை.

அம்மா கம்பெனியில் லீவு சொல்லி, சென்னைக்குக் கூட்டிப்போனாள். புழுவெட்டுக்குப் புது மாத்திரை வந்திருக்கிறதாம். டாக்டரம்மா முதலில் கேட்டதே பழைய கதையைத்தான். எந்த மருந்துக்கு முடி வந்தது, எந்த மருந்துக்கு வரவில்லை என்று தெரிந்தால்தான் புதியது எப்படிக் கேட்கும் என்று கொஞ்சமாவது சொல்ல முடியுமாம். வெங்காயச் சாறு, திருவள்ளூரில் தலையில் போட்ட ஊசி, எல்லாம் அம்மா சொன்னாள். பொடியை மட்டும் விட்டுவிட்டாள்.

நான் சொல்லிவிட்டேன். நீங்கள் ஊரில் இருந்தபோது நாட்டு மருந்து என்று சூலூர்ப்பேட்டையில் வாங்கி, தேனில் குழைத்து ஊட்டியது, முடி வந்தது, முகம் இட்லியாய் உப்பியது, நிறுத்தியதும் புருவம்வரை கொட்டியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார்கள். எவ்வளவு, எத்தனை மாதம் என்று தெரிந்து, ரத்தமும் பார்த்த பிறகுதான் மாத்திரையாம்.

வெளியே வந்து அம்மா அழுதாள். "உங்க நைனா வேணும்னா செஞ்சாரு? கிறிஸ்மஸுக்குள்ள உனுக்கு முடி வந்துடணும்னு அளவுக்கு மேல குடுத்துக்கினு இருந்தாரு. அத்த நான் எப்டி டாக்டராண்ட சொல்றது?"

டாக்டரம்மா திட்டவில்லை நைனா. அந்தப் பொடிக்கு முடி முளைத்ததே, வேர் இன்னும் சாகவில்லை என்பதற்கு அடையாளமாம். மாத்திரை கேட்காமலும் போகலாம், அதையும் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மறுபடி போகிறோம். அதற்குள் அளவைச் சொல்லிவிடுங்கள். வீடியோவில் கூப்பிடுங்கள், விக் போடமாட்டேன். என் தலையைப் பார்த்து நீங்கள் அழுதாலும் பரவாயில்லை, சிக்னல் போய்விட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேன் குழைத்த அந்தக் கையைக் கர்த்தர் காக்கட்டும்.

உங்கள் மகள்,
ஜெபா