தேக்கிலைச் சோறு

துமினி,

இரவல் அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன நீ வந்ததும் இதைப் படி.

தெருவைச் சுத்தம் செய்தவர்களுக்கு இன்று நம் வீட்டுச் சாப்பாடு. தெர்மோகோல் டப்பா இல்லாமல் தேக்கிலையில் கொடுத்தால் மானம் போய்விடும் என்றாய். பக்கத்து வீட்டு நிங்ரும் எல்லார் முன்னாலும், "என்ன கர்த்தோனோ ஐயா, டப்பா வாங்கக்கூட வக்கில்லையா?" என்று சிரித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் இலையெல்லாம் உரக்குழிக்குப் போயிற்று. தெருத் தலைவர் குப்பைச் சாக்கைத் தலைகீழாக உதறி, ஒலிபெருக்கியில், "ஒரு தூசி விழுதா பாருங்கப்பா! இதுதான் கர்த்தோனோ ஐயா வீட்டு விருந்து!" என்றார். தெருவே கைதட்டியது.

சாயங்காலம் நிங்ரும் வருவாள். மகள் கல்யாணத்துக்குத் தேக்கிலை வேண்டுமாம். கொல்லை மரத்தில் ஓட்டையில்லாத அகல இலைகளாக நீயே பறித்துக் கொடு. குத்திக்காட்டாதே. நம் வீட்டுக்கு அது அழகல்ல.

உன் பங்கு மஞ்சள் சோறு அடுப்பு மேடையில் இருக்கிறது. உனக்குப் பிடித்த தெம்பே சோயாப் பொரியல் கூடுதலாக வைத்திருக்கிறேன். தட்டில் கொட்டாமல் இலையிலேயே சாப்பிடு.

கர்த்தோனோ

பி.கு.: டப்பா வாங்க நமக்கு வசதி உண்டு என்பதை மட்டும் நிங்ருமிடம் சொல்லிவிடு.