முட்டி வலிக்கு ஒரு வேண்டுதல்

டிச. 15, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நிலக்கரிக் கப்பல் வரவில்லை, டிப்பருக்கு லோடு இல்லை.

பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு மனுவோடு நாகை போனேன். நேற்று பூராவும் உட்கார்ந்து எழுதியது. குழந்தைகள் நலக் குழுவில் இருக்கும் எழுத்தர் படித்தார், கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான். ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் தவிர என் ஆயுளில் வேறு விண்ணப்பம் எழுதினது கிடையாது. கை தானாகப் போயிருக்கிறது. காய்ச்சல் என்று காரணம் எழுதாமல் விட்டேனே, அதுவே பெரிசு.

‘தந்தைன்னு மாத்துங்க சார்.’

மாற்றினேன். டிப்பர் ஓட்டுகிற கை, எத்தனை சோப்புப் போட்டாலும் கரி போகாது. தந்தை என்ற சொல் மேல் கட்டைவிரல் அச்சு.

கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அன்றைக்கு உளறக்கூடாது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை அத்தை (என் மனைவி ஸ்டெல்லாவின் அம்மா) பிள்ளைகள் ஜெனியையும் ஆன்டோவையும் வேளாங்கண்ணி அழைத்துப் போனார். மடிப்பிச்சை வேண்டுதல். செருப்பில்லாமல், பழைய துணியோடு கடைத்தெருவில் மடி ஏந்தி, கிடைத்ததை அப்படியே உண்டியலில் போடுவது. கார் வைத்திருப்பவர்கள்கூட வந்து இறங்கி ஏந்துவார்கள். ஜெனி மூன்றாம் வகுப்பு. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பெண். ஜீப்பிலிருந்து இறங்கிய மேடத்திடமே போய்த் துண்டை நீட்டியிருக்கிறாள். அவர்தான் பிச்சை எடுக்கும் பிள்ளைகளை மீட்கிற மேடம்.

அம்மா எங்கே? குவைத்துல வீட்டு வேலை. அப்பா? லாரியில. யார் ஏந்தச் சொன்னது? அம்மாச்சி. போதும்ல, வா போகலாம். ‘இன்னும் நாலு கடை பாக்கி மேடம்.’

இரண்டு பிள்ளைகளோடும் ஜீப் கிளம்பிவிட்டது. அத்தை முட்டி வலியோடு பின்னாலேயே ஓடினாராம்.

வேண்டுதல் எதற்கு? எனக்காக. போன வருஷம்வரை நான் எப்படி வீடு திரும்புவேன் என்பது எங்கள் தலத்தெரு முழுக்கத் தெரியும். வேலையும் வாஞ்சூர் துறைமுகத்தில், சாராயக் கடைகளும் வாஞ்சூரில். ஈஸ்டரோடு விட்டேன். டிசம்பர் பிறக்கும்வரை தொடாமல் இருந்தால் பேரப்பிள்ளைகளோடு மடி ஏந்துகிறேன் என்று அத்தை நேர்ந்திருந்தார். ஆக, மாதா செய்த புதுமை நான்தான். கரி பூசின புதுமை.

இதைக் குழுவில் சொன்னால்? அம்மா வெளிநாடு, அப்பா குடிகாரன், அம்மாச்சி பிச்சை. பிள்ளைகள் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

டிச. 16, புதன்

மழை விட்டது. பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லத்தில் பார்க்க விட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் அனுமதி. வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போனவருக்குக் கிடையாது. அத்தை கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில், மடியில் முறுக்கு டப்பா. வெளிச் சாப்பாடும் கூடாதாம். டப்பா அத்தையிடமே திரும்பியது.

பிள்ளைகள் நல்லா இருக்கிறார்கள். சுத்தமான இடம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுவே ஒரு மாதிரி இருந்தது.

ஆன்டோ: ‘அம்மாச்சிய போலீஸ் புடிச்சிருச்சாப்பா?’

ஜெனி: ‘நான் பிச்சை எடுக்கல, வேண்டுதல்னு சொன்னேன். அந்த மிஸ் வேண்டுதல்னு எழுதவே இல்லப்பா.’

வெளியே வந்ததும் அத்தை கேட்டது, ‘சின்னவன் சட்டை மாத்தியிருந்தானா? சளி இருக்கா?’ சளி இருந்தது. இல்லை என்றேன்.

டிச. 17, வியாழன்

வெயில். ஒரு நடை ஓட்டினேன். மீதி நேரம் அலைச்சல்.

நாகைக்காரர்கள் வீட்டைப் பார்த்து அறிக்கை வேண்டும் என்கிறார்கள். நாங்கள் காரைக்கால், அதாவது பாண்டிச்சேரி; அவர்கள் தமிழ்நாடு. இங்கே வந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. காரைக்காலில் கேட்டால், அங்கிருந்து கடிதம் வரட்டும் என்கிறார்கள். பாட்டிலும் பெட்ரோலும் தினம் எல்லை தாண்டுது. என் பிள்ளைகளுக்கு மட்டும் கடிதம்.

கடைசியில் நானே கடிதத்தை வாங்கி, நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

சாயங்காலம் வாஞ்சூர் கடை வாசலில் வண்டி தானாக மெதுவானது. உண்மையில் தானாக இல்லை. கிளீனர் மணி, ‘என்னண்ணே, பஞ்சரா?’ என்றான். ஆமாண்டா, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினேன்.

வீட்டில் அத்தை காபியை நீட்டுகிற சாக்கில் கிட்டே வந்து மூக்கால் ஒரு இழுப்பு. தினம் இது நடக்குது. காணிக்கை உண்டியலில் விழவில்லை, வேண்டுதல் பாதியில் நிற்குது, அதனால் மாப்பிள்ளையும் பாதியில் கவிழ்ந்துவிடுவாரோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

டிச. 18, வெள்ளி

காரைக்கால் மேடம் வீடு பார்க்க வந்தார். அத்தை விடிவதற்குள் திண்டு தலையணை எல்லாம் உறை மாற்றி, தண்ணீர்க் குடம்கூடப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். மேடம் கொல்லை, கழிவறை, பிள்ளைகள் படுக்கும் இடம் எல்லாம் பார்த்தார். அடுப்படி அலமாரியில் கை வைத்தார். எடுத்தது குவார்ட்டர் பாட்டில்.

மூடியைத் திறந்து மோந்தார்.

‘தேங்கா எண்ணெய்ங்க’ அத்தை.

‘பாட்டில் ஏது?’

‘தெருவுல கெடந்துச்சுங்க, கழுவி வச்சிக்கிட்டேன்.’

எங்கள் வீட்டு எண்ணெய், டர்பன்டைன், புனித நீர் எல்லாம் அந்த வகை பாட்டிலில்தான். என் பழைய உழைப்பு. புனித நீர் பாட்டிலை நல்லவேளை மேடம் பார்க்கவில்லை.

டிச. 20, ஞாயிறு

ஸ்டெல்லா போன். பிள்ளைகளைக் கொடு என்றாள். கேரல்ஸ் போயிருக்காங்க என்றேன். பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த ஊரில் கேரல்ஸ்? ‘என்னங்க, திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?’ என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. இல்லடி, சத்தியமா இல்ல. அத்தை போனை வாங்கி, ‘நல்லா இருக்காங்கடி, நீ வேலையப் பாரு’ என்று வைத்துவிட்டார்.

வாங்க வேண்டியது: ஸ்டார், சீரியல் பல்பு, குடிலுக்கு வைக்கோல். டெய்லர் ஆன்டோவை அளவுக்கு அழைத்து வரச் சொல்கிறார். பழைய சட்டையைக் கொடுத்தேன். ‘வளர்ற புள்ள, இது பத்தாதே’ என்றார்.

டிச. 22, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் அத்தை சொன்னது: ‘நீங்க ஒண்ணும் பேசாதீங்க மாப்ள. கேட்டதுக்கு மட்டும் தலையாட்டுங்க.’ அதில் எனக்கு நல்ல பழக்கம்.

நீள மேசை. நடுவில் தலைவரம்மா. கோபக்காரர் இல்லை, அலுத்துப்போன முகம்.

‘பெரியவங்க ஏந்துனா நாங்க கேக்கமாட்டோம். குழந்தைய ஏந்தவச்சா விட முடியாது. புரியுதா?’

‘இப்ப புரியுதுங்கம்மா.’

‘அப்படி என்ன வேண்டுதல்?’

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

‘முட்டி வலிங்கம்மா. நடக்கவே முடியாம கெடந்தேன். மாதா சரி பண்ணுச்சு.’

‘சரியாப் போச்சா?’

‘நல்லாப் போச்சுங்க.’

‘உங்க முட்டி வலிக்கு ரெண்டு பச்சப் புள்ளைங்கள தெருவுல நிறுத்துனீங்களா?’

‘புத்தி இல்லாமப் பண்ணிட்டேங்க.’

தலைவரம்மா என்னைப் பார்த்தார். ‘நீங்க எதாவது சொல்லணுமா?’

‘இல்லைங்கம்மா.’

உத்தரவு: பிள்ளைகளை அப்பாவிடம் விடலாம். அம்மாச்சி அந்த வீட்டில் இருக்கக்கூடாது, அடுத்த விசாரணைவரை பொறுப்பிலும் விடக்கூடாது. பண்டிகை நாளிலும் ஆள் வந்து பார்ப்பார்கள். ‘கிறிஸ்மஸ் அன்னிக்கு மட்டுமாவது...’ என்று இழுத்தேன். ‘கிறிஸ்மஸுக்கும்தான்.’

அத்தை எழுந்தார். நாற்காலியைப் பிடிக்கவில்லை. கதவுவரை நேராக, ஒரு சாய்வு இல்லாமல், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடக்கிற பெண் மாதிரி நடந்தார். வராந்தா திரும்பினதும் சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

‘தண்ணி இருக்கா மாப்ள?’

டிச. 23, புதன்

காலையில் அத்தையைக் குரும்பகரத்தில் மச்சான் வீட்டில் விட்டேன். ஒரு பை, ஜெபமாலை, தைலம். பிள்ளைகள் ஏந்திய காணிக்கை முடிச்சைக் குழுவில் திருப்பித் தந்திருந்தார்கள். அதை என் கையில் வைத்தார். ‘நீங்களே உண்டியல்ல போட்டுருங்க. நீங்க போட்டாதான் நல்லது.’ மச்சான் மனைவி வாசலிலேயே, ‘எத்தினி நாளைக்கு?’ என்றாள். தெரியல என்றேன்.

அப்படியே நாகை போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தேன். திரும்புமுன் வேளாங்கண்ணிவரை போய், முடிச்சு உண்டியலில்.

ஆன்டோ வீட்டுக்குள் ஓடி அடுப்படி, கொல்லை, கட்டிலடி எல்லாம் பார்த்துவிட்டு வந்தான். யாரைத் தேடுகிறான் என்று கேட்கவில்லை.

டிச. 24, வியாழன்

லீவ். சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. ஜெனி, ‘பரவால்லப்பா, கலந்தா சரியாப் போயிரும்.’ புதுச்சட்டை ஆன்டோவுக்கு இறுக்கிப் பிடிக்குது. டெய்லர் சொன்னது சரி.

குடிலில் எல்லாரும் வந்தாச்சு. பாலன் இயேசு பொம்மை மட்டும் பாக்கி. வீட்டில் சின்னவன்தான் வைக்க வேண்டும், அவனை அத்தை தூக்கிவிடுவார், அது வழக்கம். நான் தூக்கினேன். காலை உதறினான். ‘அம்மாச்சிதான் தூக்கணும்.’

டிச. 25, வெள்ளி

நல்ல பனி. காலைப் பூசை. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் அத்தை. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். பிள்ளைகளைப் பார்த்தும் கிட்டே வரவில்லை.

பூசை முடிந்ததும் ஆன்டோ ஓடிவிட்டான். டவுசர் பாக்கெட்டிலிருந்து பாலனை எடுத்து நீட்டினான். பூசை நேரம் பூரா அங்கேதான் இருந்திருக்கிறது. அத்தை முத்தம் கொடுத்து அவன் கையிலேயே திருப்பி வைத்தார். கண் மட்டும் ரோட்டில், ஜீப் நிற்கிறதா என்று.

‘நீயே வை சாமி. அப்பா தூக்கிவிடுவாங்க.’

ஜெனி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரித்துவிட வேண்டியதாகப் போச்சு.

அப்புறம் அத்தை என் கிட்டே வந்து மூக்கால் ஒரு இழுப்பு.

‘சோப்பு வாசந்தான் அத்தை.’

சிரித்தார். ‘முட்டி எப்படி இருக்கு?’ என்றேன்.

‘அதான் மாதா சரி பண்ணிருச்சுல்ல’ என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பினார். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு சாய்ந்து சாய்ந்து.

பின்னாலேயே கேட்வரை போனேன். ‘அத்தை, திங்கக்கெழமை நான் குழுவுக்குப் போயி உள்ளதைச் சொல்லிடுறேன், வேண்டுதல் எனக்குத்தான்னு.’ வாய்வரை வந்தது. ஆன்டோ என் கையைப் பிடித்திருந்தான். சொல்லவில்லை.