மூன்றாம் வால்வும் ஒன்பது விநாடியும்

பதிவு 1 | செவ்வாய்ச் சுற்றுநிலையம் | 22:05

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். அவசரம் ஒன்றும் இல்லை. பூமியில் கருவி உதவி மேஜையில் யார் இருக்கிறீர்களோ, உங்களுக்குத்தான். பூமியோடு பேசும் கருவி நாலு நாளாகப் பழுது, இந்தப் புகார்ப் பக்கம் மட்டும்தான் ஓடுகிறது.

நான் செண்பகவல்லி. நிலையத்தில் தனி ஆள். கீழே குடியிருப்பில் பதினான்கு பேர். அதில் என் கணவர் மகராசனும் மூன்று வயது மகள் முல்லையும் உண்டு. அவர்களுக்குத் தினமும் ஒரு அறிக்கை வீடியோ அனுப்புவது என் வேலை. பின்னால் பம்பு கர்ரென்று ஓடுவதால், நான் பேசாத இடங்களில் எடிட்டில் கீஃப்ரேம் என்ற ஒலி அளவுப் புள்ளி வைத்து ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்குவேன். பேசும் இடத்தில் ஏற்றுவேன். கடைசியில் முல்லைக்கு ஒரு பாட்டு.

நேற்று இவர் அனுப்பியது: "ஏ செம்பா, உன் அறிக்கையைக் கேட்டே புள்ள தூங்கிருது. பாட்டை முதல்ல போடு. அப்புறம் பெரியவங்க தூங்கட்டும்."

இன்று பாட்டை வெட்டி முன்னால் ஒட்டினேன். பாட்டுக்கு நடுவில் என் குரல் காணாமல் போனது. புள்ளிகளைக் கையால் இழுத்துச் சரிசெய்து 21:30க்கு அனுப்பிவிட்டேன். படத்தை நகர்த்தினால் புள்ளிகள் ஏன் கூடவே வருவதில்லை? சொன்னால் நாளைக்கு உதவும்.

பதிவு 2 | 22:20

கீழே தூசிப் புயல். அவர்கள் சின்ன ஆன்டெனாவில் பேசுவது எனக்கு வருகிறது, நான் அனுப்புவது இறங்கவில்லை. அவர்களுடைய பெரிய ஆன்டெனா மூடிப்போயிருக்கும். நல்லவேளை, அறிக்கை முன்னாடியே போய்விட்டது. இன்று அதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை இருந்தது.

பதிவு 3 | 22:51

உங்கள் பதில் வந்தது:

"வணக்கம் மேடம், நான் இன்பராஜ். நீங்க புள்ளிகளை கிளிப்ல, அதாவது வெட்டுற துண்டுல, வைக்காம அடியில ஓடுற ட்ராக்ல வச்சிருக்கீங்க. கிளிப் நகர்ந்தாலும் ட்ராக் புள்ளி அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். என் தங்கச்சி கல்யாண வீடியோல நானும் இதையே பண்ணினேன். தாலி கட்டும்போது மேளமே கேட்காது, இன்னிக்கும் வீட்ல திட்டு. பாட்டுக்குப் பின்னால வர்றதையும் முழுசா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. புகாரை முடிச்சுட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சுது, வர்றேன்."

முழுசா. நான் பாட்டை மட்டும்தான் கேட்டுப் பார்த்தேன். ஐந்து தடவை. அறிக்கையை ஒரு தடவைகூட இல்லை.

பதிவு 4 | 23:04

கேட்டுவிட்டேன். வீடியோவில் 3:12 முதல் 3:21 வரை சத்தமே இல்லை. வாய் மட்டும் அசைகிறது.

அந்த இடத்தில் நான் சொன்னது: மூன்றாம் வால்வைத் திறக்காதீர்கள், பின்னால் குழாய் விரிசல் விட்டிருக்கிறது. மதியம் வெப்பப்படத்தில் பார்த்தேன். கீழே இருக்கும் மீட்டரில் அது தெரியாது. திறந்தால் பிள்ளைகள் தூங்கும் கூடத்துக் காற்று முழுக்க வெளியே போய்விடும். தினமும் காலை ஆறு மணிக்கு அந்த வால்வைத் திறப்பவர் மகராசன்.

அந்த இடத்தைச் சரிசெய்து திரும்ப அனுப்பினேன். ஏழு தடவை. பெற்றதாக ஒரு பதிலும் இல்லை.

இன்பராஜ் தம்பி, இருக்கிறீர்களா?

பதிவு 5 | 01:37

கீழிருந்து இவர் குரல். அப்படியே எழுதுகிறேன்.

"செம்பா, பாட்டு ஜோர். புள்ள மூணு தடவை போடச் சொல்லிட்டா. நடுவுல ஒரு இடத்துல உன் சத்தமே வரல, தூக்கக் கலக்கத்துல எடிட் பண்ணினியாக்கும்? அம்மா வாயைக் குவிச்சு எனக்கு முத்தம் குடுக்கான்னு முல்லை ஸ்கிரீன்ல ஒட்டிக்கிட்டா. ஒன்றரை மணி வரைக்கும் ஒரே ஆட்டம், இப்பத்தான் கூடத்துல தூங்க வச்சேன். சரி, காலைல வால்வைத் திறந்துட்டு வந்து பேசுறேன். நீயும் கொஞ்சம் தூங்குளா."

கத்தினேன். மைக்கில் கத்தினேன். அங்கே கேட்காது என்று தெரிந்தும்.

பதிவு 6 | 03:15

இந்தப் பக்கத்திலிருந்து வருவது ஒன்றே ஒன்று: "முடிக்கப்பட்ட புகாரில் சேர்க்கும் குறிப்புகள் காலை ஒன்பது மணிக்குப் பார்க்கப்படும்." புதுப் புகார் திறந்தால், ஒரே பிரச்சினைக்கு இரண்டு புகார் கூடாது என்று இதோடு சேர்த்துவிடுகிறது. பம்பு எரிகிறது என்று பொய் எழுதினேன். அதையும் சேர்த்துவிட்டது.

அனுப்பியது நாற்பத்தொரு தடவை. ஐந்து தடவை பாட்டைக் கேட்டேனே, ஒரு தடவை

பதிவு 7 | 05:21

யாராவது. ஷிஃப்ட் மாறி வந்தவர், கூட்ட வந்தவர், யாராக இருந்தாலும்.

பூமியின் அவசர அலைவரிசையை அவர்களுடைய சின்ன ஆன்டெனா பிடிக்கும்; இங்கிருந்து அதில் அனுப்ப வழியில்லை. உங்கள் மேஜையில் சிவப்புப் பொத்தான். அழுத்தி "மூன்றாம் வால்வைத் திறக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். என் பேர்கூட வேண்டாம்.

இது உங்களிடம் வரப் பதினான்கு நிமிடம். நீங்கள் சொல்வது அவர்களிடம் போகப் பதினான்கு நிமிடம். வந்ததும் சொன்னால் 05:49. இவர் ஐந்தே முக்காலுக்கு எழுந்து பல் தேய்ப்பார்.

படித்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.